டேலி ஓடுகிறது, டிசைன் நிற்கிறது

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறேன். குழந்தை பிறந்த பிறகு வீட்டிலிருந்தே வேலை. டைட்விஎன்சி வழியாக ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திறந்து டேலியில் பில் போடுகிறேன், தடங்கல் இல்லை. ஆனால் டி-ஷர்ட் பிரிண்ட் டிசைனைத் திறந்தால் கட்டம் கட்டமாக ஊர்ந்து வருகிறது. டைட்விஎன்சியில் கம்ப்ரஷன் (சுருக்கும் அளவு) 9-இல் வைத்தேன், இன்னும் மோசம். வீட்டு நெட்டை மாற்ற வேண்டுமா?
- ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: வீட்டு நெட்டை அவசரப்பட்டு மாத்திடாதீங்க அம்மணி. படம் புறப்படுவது ஆபீஸிலிருந்து. அங்கே அப்லோடு வேகம் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். 1920-க்கு 1080 திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட் வைத்தால், சுருக்காமல் அனுப்ப ஒரு திரைக்கே 6.2 எம்பி. 10 எம்பிபிஎஸ் என்பது விநாடிக்கு 10 மெகாபிட்; 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். அந்த அப்லோடில் அது வந்து சேர 5 விநாடி பிடிக்கும்.

அப்புறம் டேலி எப்படி ஓடுகிறது? திரையில் மாறிய இடத்தை மட்டும்தான் விஎன்சி அனுப்பும். ஒரே நிறப் பின்னணியில் எழுத்து என்பதால் அதுவும் நன்றாகச் சுருங்கிவிடும். டிசைனில் புள்ளிக்குப் புள்ளி நிறம் மாறும். கம்ப்ரஷனை எவ்வளவு ஏற்றினாலும் பெரிதாகச் சுருங்காது. ஆபீஸ் கம்ப்யூட்டரின் பிராசஸர்தான் திணறும். 9-இல் வைத்ததும் மோசமானது பெரும்பாலும் அதனால்தான்.

அதை 2 அல்லது 3-க்கு இறக்குங்கள். ஜேபெக் என்பது படத்தின் நுணுக்கத்தைக் கொஞ்சம் கழித்துச் சுருக்கும் முறை. அதற்கு ஜேபெக் தரம் என்று தனியாக ஓர் அளவு இருக்கும். டிசைன் பார்க்கும்போது அதை 5, 6-இல் வையுங்கள். ஆபீஸ் டெஸ்க்டாப்பில் வால்பேப்பர் இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

பில் போடும்போது மட்டும் ஜேபெக்கை அணைத்துவிடுங்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது. ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டிக்கு இப்படித்தான் வீட்டிலிருந்து இருப்புக் கணக்குப் பார்த்தேன். நெட் இழுத்த ஒரு நாளில் ஜேபெக் தரத்தை அடியில் இறக்கிவிட்டேன். எழுத்தைச் சுற்றிப் புகை படிந்த மாதிரி இருந்தது. விரலி மஞ்சள் 83 மூட்டை. 8-இன் இடப்பக்க வளைவு மங்கிப்போய் எனக்கு 33 என்று தெரிந்தது. அதையே போனில் சொன்னேன். லாரி 33 மூட்டையோடு கிளம்பிவிட்டது, மீதி 50 மூட்டை கிடங்கிலேயே கிடந்தது. அன்றிலிருந்து எண் இருக்கும் திரைக்கு நான் ஜேபெக் வைப்பதே இல்லை.

இன்னொன்று. பையர் கேட்ட ஷேடுதானா என்று பார்த்து ஓகே சொல்லும் பொறுப்பும் உங்களிடம் இருந்தால், ரிமோட் திரையை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஜேபெக் நிறத்திலும் கொஞ்சம் கழித்துத்தான் அனுப்பும். அந்த ஃபைலையே வீட்டுக்கு இறக்கி, திறந்து பாருங்கள்.