வளைவு அணை மாதிரி ஓரங்களில் பிளப்பது ஏன்?

வணக்கம் ஐயா. மகளின் பள்ளிக் கண்காட்சிக்காகச் செய்த வளைவு அணை மாதிரி, நீர் நிரப்பியதும் இரு ஓரங்களிலும் விரிசல் விட்டதாக எழுதியிருந்தீர்கள். சுவரை இன்னும் தடிமனாக்குவதால் அது தீராது. கலிபோர்னியாவில் புட்டா ஓடையின் குறுக்கே, சொலானோ வட்டாரப் பாசனத்துக்காக 1957-இல் கட்டி முடிக்கப்பட்ட மான்டிசெல்லோ அணை 304 அடி உயரமானது. அடியில் 100 அடி தடிமன் இருந்தாலும் உச்சியில் 12 அடிதான். நீரை நோக்கிப் புடைத்த அந்தக் கான்கிரீட் வில், தன்மேல் விழும் அழுத்தத்தின் பெரும்பகுதியை இருபுறப் பாறைக்குக் கடத்திவிடுகிறது என்பதே அதன் அழகு. தங்கள் மாதிரியிலோ தெர்மோகோல் கரைகள் அந்த உந்துதலுக்கு நெகிழ்ந்து கொடுக்கின்றன. கரைகளைக் கெட்டியான மரக்கட்டையில் அமைத்து, காடி வெட்டி, சுவரின் முனைகளை அதற்குள் சிமெண்ட் கலவையால் பதியுங்கள். புடைப்பு நீர்ப்பக்கமே இருக்கட்டும். கலவை ஒரு வாரம் ஈரத்தில் இறுகிய பிறகே நீர் விடுங்கள்.