எடைக் கொட்டகையில் ஒரு கேள்வி

அன்புள்ள அக்கா,

உங்கள் எழுத்தைத் தொடர்ந்து படித்து வருகிறேன். கோத்தகிரியில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வரும் ஜனவரிக் கடைசியில் நான்கைந்து நாடுகளைச் சேர்ந்த ஆசிரியர்கள் பன்னிரண்டு பேர் நீலகிரிக்கு வருகிறார்கள். எங்கள் ஊரில் இரண்டு நாள் தங்குவார்கள். அதில் ஒரு மாலை ஊர்மக்களோடு சந்திப்பு வைத்துத் தர முடியுமா என்று அவர்களை அழைத்து வருபவர்கள் எங்களைக் கேட்டிருக்கிறார்கள். இதற்கு 'குடிமக்கள் ராஜதந்திரம்' என்று பெயராம்.

போன வாரம் கூடிப் பேசினோம். மண்டபம் பிடிப்பது, வாசலில் மேளம், பொன்னாடை, தோடர் நடனம், படுகர் நடனம், பேச்சு, பிறகு சாப்பாடு என்று ஒரு பட்டியல் தயாரானது. அப்போது ஒரு பெரியவர் எழுந்து, "இருநூறு வருஷமா வெள்ளைக்காரனுக்கு சலாம் போட்டது பத்தாதா? வர்றவங்ககிட்ட ஸ்கூலுக்கு ரெண்டு கக்கூஸ் கட்டித் தரச் சொல்லுங்க, அதுலயாவது பிரயோஜனம் உண்டு" என்றார். கூட்டம் அப்படியே கலைந்துவிட்டது. அவர் சொன்னதைத் தள்ளவும் முடியவில்லை, ஏற்கவும் மனம் வரவில்லை. இந்த மாதிரிச் சந்திப்புகளால் உண்மையில் ஏதாவது நடக்குமா? நடத்துவதென்றால் எப்படி நடத்துவது?

ஒரு வாசகி, கோத்தகிரி
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கைக்கு,

தாராளமாகக் கூப்பிடுங்கள். ஆனால் அந்தப் பட்டியலைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். அப்படி ஒரு பட்டியலைப் போட்டு நடத்திய கூட்டத்தில் நானும் கைகோத்திருக்கிறேன். அதைச் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

ஆறேழு வருடம் இருக்கும். கென்யாவிலிருந்து சிறு தேயிலை விவசாயிகள் மூன்று பேர், ஒரு பெண்ணும் இரண்டு ஆண்களும், குன்னூர்ப் பக்கம் வந்திருந்தார்கள். வரவேற்புக் குழுவில் நானும் இருந்தேன். மண்டபம், மேடை, பொன்னாடை எல்லாம் உண்டு. ஒன்றே முக்கால் மணி நேரம் நம்மவர்கள் பேசினார்கள். ஊட்டிப் பக்கத்து மந்து (தோடர் குடியிருப்பு) ஒன்றிலிருந்து ஆட வரச்சொல்லியிருந்த தோடர்களை வெளியே வராந்தாவில் உட்கார வைத்திருந்தோம். டிசம்பர்க் குளிர். அவர்கள் போர்த்தியிருந்த புத்துக்குளிச் சால்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, உள்ளேயிருந்து வந்த ஒலிபெருக்கிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு டம்ளர் டீ கொடுக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இன்றும் அந்த வராந்தாவை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. வந்தவர்களைக் கொண்டாடும் அவசரத்தில் நம் வீட்டுப் பெரியவர்களை வாசலில் நிறுத்தியிருந்தோம்.

ஆட்டம் முடிந்து எல்லோரும் டீ குடிக்கும்போதுதான் அந்த நாளில் முதல் நல்ல விஷயம் நடந்தது. தோடர்களில் மூத்தவர் நேராக அந்தக் கென்யப் பெண்ணிடம் போய், "உங்க ஊர்ல எருமை உண்டா?" என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். வீட்டில் இருப்பது பசு, எருமை காட்டில்தான், ஆளைக் கொன்றுவிடும் என்றார் அந்தப் பெண். பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. எங்கள் எருமையும் லேசுப்பட்டதில்லை, வேற்றாள் கிட்டப் போனால் கொம்பை ஆட்டும் என்று கையால் காட்டினார். இருவரும் பத்து நிமிடம் எருமை பேசினார்கள்.

ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1901-02இல் இந்த மலையில் மாதக்கணக்கில் தங்கித் தோடர்களிடம் கேள்வி கேட்டார். அவருக்கு முன்னும் பின்னும் எத்தனையோ பேர் நோட்டும் கேமராவுமாக வந்தார்கள். சுமார் 2,000 பேர் மட்டுமே உள்ள அந்த மக்கள் நூற்றைம்பது வருடமாக அடுத்தவர் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அன்றைக்கு ஒரு தோடர் கேட்டார், வந்தவர் பதில் சொன்னார். சந்திப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

மறுநாள் நிகழ்ச்சி நிரலில் எதுவும் இல்லை. ஒரு ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், தேயிலை எடை போடும் கொட்டகைக்கு அவர்களைக் கூட்டிப் போனோம். மூட்டைகள் தராசில் ஏறிக்கொண்டிருந்தன. அந்தப் பெண் குனிந்து ஒரு பிடி இலையை அள்ளி, உள்ளங்கையில் பரப்பி, விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். கத்தரி போட்டு வெட்டிய இலை. கொழுந்தோடு கரட்டு இலையும் காம்பும் கலந்து கிடந்தது. "எங்கள் ஃபேக்டரியில் இதை வாங்க மாட்டார்கள். திருப்பி அனுப்பிவிடுவார்கள். ரெண்டு இலை, ஒரு மொட்டு. கையால்தான் கிள்ள வேண்டும்" என்றார். மொழிபெயர்க்கத் தயங்கினேன். ஆனால் பக்கத்தில் நின்ற படுகப் பெரியவருக்கு நான் சொல்லாமலே புரிந்துவிட்டது. கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் சொன்னது: "கையால கிள்ள ஆள் எங்கம்மா இருக்கு? என் பையனுங்க ரெண்டு பேரும் கோயமுத்தூர்ல இருக்கானுங்க." அதைக் கேட்டதும் அந்தப் பெண் இலையைக் கீழே போட்டுவிட்டு, "என் பிள்ளைகள் நைரோபியில்" என்றார்.

அதற்குப் பிறகு அங்கே மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை என்றுகூடச் சொல்வேன். அடுத்து அவர் கேட்ட கேள்விதான் அந்த ஹட்டியில் இன்றும் பேசப்படுகிறது: "உங்களுக்கு இரண்டாவது பணம் எப்போது வரும்?" கென்யாவில் சிறு விவசாயிகளே தங்கள் தொழிற்சாலைகளில் பங்குதாரர்கள். மாதாமாதம் கிலோவுக்கு ஒரு தொகை வரும். தூள் விற்று முடித்ததும் வருடக் கடைசியில் இன்னொரு தொகை போனஸாக வரும். நம்மவர்களுக்குப் பெரும்பாலும் மாத விலை ஒன்றுதான், அது ஏறினாலும் இறங்கினாலும். இங்கேயும் கூட்டுறவுத் தொழிற்சாலைகள் உண்டு, நாங்களும் அங்கத்தினர்கள்தான் என்று பெரியவர் சொன்னார். அப்படியானால் கணக்குப் புத்தகத்தை யார் பார்ப்பது, கூட்டத்தில் யார் பேசுவது, பெண்கள் பெயரில் பங்கு உண்டா என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டே போனார். கொட்டகையில் நின்ற பெண்கள் கிட்ட வந்துவிட்டார்கள். தேயிலை விலை அதனால் ஏறிவிடவில்லை. ஆனால் அடுத்த அங்கத்தினர் கூட்டத்துக்கு அந்த ஹட்டியிலிருந்து நான்கு பெண்கள் போனார்கள், கணக்கும் கேட்டார்கள். 'ஏதாவது நடக்குமா' என்று எழுதியிருந்தீர்கள். இவ்வளவு நடக்கும். இது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

இனி உங்கள் ஊர்ப் பெரியவர். அவருடைய கோபம் நியாயமானது, அதை அடக்கிவிடாதீர்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே கன்னேரிமுக்கில் ஜான் சல்லிவனின் பங்களா நினைவகமாக நிற்கிறது. கோவை கலெக்டராக இருந்தவர் 1819இல் மலை ஏறினார். பிறகு ஊட்டியில் தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய் என்று நிலம் வாங்கினார். தோடர்களின் நில உரிமைக்காகப் பின்னாளில் வாதாடியவரும் அவரேதான், அதையும் சொல்லவேண்டும். ஆனால் அவருக்குப் பின்னால் வந்தவர்கள் விருந்தாளியாக வரவில்லை, வீட்டுக்காரர்களாக வந்து உட்கார்ந்தார்கள். அந்த நினைவு இந்த மலையில் உள்ளவரை, வெளிநாட்டவர் முன்னால் கைகட்டி நிற்கும் எந்த ஏற்பாடும் பெரியவர்களுக்கு உறுத்தத்தான் செய்யும். மேடையும் பொன்னாடையும் அந்தக் கைகட்டலின் மிச்சம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. சரிசமமாக உட்கார்ந்து பேசினால் அவருக்கும் உறுத்தாது. அவரையே முதல் நாற்காலியில் உட்கார வையுங்கள். சல்லிவன் கதையை அவர் வாயாலேயே சொல்லட்டும். வருகிறவர்களில் சிலர் நம்மைப் போலவே ஆளப்பட்ட நாடுகளிலிருந்து வரலாம். அவர்களும் தங்கள் கதையைச் சொல்வார்கள்.

ஆனால் கழிப்பறை விஷயத்தில் நான் அவரோடு சேர மாட்டேன். பள்ளிக்குக் கழிப்பறை கட்டித் தருவது நம் அரசின் கடமை, அங்கே போய்ச் சண்டை போடுவோம். வந்தவரிடம் கை நீட்டிய கணத்தில் அவர் கொடுப்பவர், நாம் வாங்குபவர் என்று ஆகிவிடும். அப்புறம் அவர் நம்மிடம் மனம்விட்டு எதையும் கேட்கமாட்டார், நாமும் கேட்கமாட்டோம்.

'குடிமக்கள் ராஜதந்திரம்' என்ற அந்தப் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. இது அமெரிக்காவில் வேர்பிடித்த சொல். அங்கே அரசாங்கம் 1940 முதல் பிற நாட்டவரை அழைத்து ஊர் ஊராகச் சுற்றிக் காட்டி வருகிறது. அழைப்பு அரசுடையது என்றாலும், போகிற ஊரில் கூட்டிப் போவதும் வீட்டில் சோறு போடுவதும் பெரும்பாலும் உள்ளூர்த் தன்னார்வலர்கள். 1956இல் அதிபர் ஐசன்ஹோவர் மக்களுக்கு மக்கள் என்று ஓர் இயக்கத்தை அறிவித்தார். நகரங்களுக்கு இடையிலான சகோதர உறவும் அதில் கிளைத்ததுதான். நம் சென்னைக்கும் டென்வருக்கும் 1984இல் அப்படி உறவு ஏற்பட்டது. மார்கரெட் தாட்சர் 1967இல் முன்னே சொன்ன அந்த அரசு அழைப்பில் ஆறு வாரம் அமெரிக்காவைச் சுற்றியபோது, அவர் பிரிட்டன் பிரதமராவார் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே வருகிற பன்னிரண்டு பேரில் யார் பெரிய பதவி என்று விசாரித்து அவருக்கு மட்டும் தனிக்கவனிப்பு வைக்காதீர்கள். எனக்கு இதைவிடப் பிடித்தது, உலகப்போர் முடிந்த கையோடு 1949இல் டென்மார்க்கில் தொடங்கிய சர்வாஸ். போரை வெறுத்த இளைஞர்கள் ஆரம்பித்தது. முன்பின் தெரியாதவர் வீட்டில் இரண்டு இரவு தங்கலாம், பணம் கிடையாது, பேச்சு உண்டு. அவ்வளவுதான் ஏற்பாடு.

இதெல்லாம் வெளியூர்ச் சரக்கு என்று யாராவது சொன்னால், நம் மலையின் பழைய வழக்கத்தைச் சொல்லுங்கள். தோடர் நெய் கொடுத்தார், கோத்தர் பானையும் இரும்புச் சாமானும் கொடுத்துச் சாவு வீட்டில் வாசித்தார், படுகர் தானியம் கொடுத்தார், குறும்பர் தேன் கொடுத்தார். நான்கு மொழி, நான்கு வழிபாடு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை இந்தக் கொடுக்கல் வாங்கல் ஓடியது. அதில் பிணக்கும் ஏற்றத்தாழ்வும் இருந்தன. என்றாலும் அடுத்தவர் வீட்டு விசேஷம் என்றைக்கு என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், நானே வந்தவர்கள் வீட்டுப் பிள்ளை. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பம் எங்களுடையது. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு மூன்று டிரங்குப் பெட்டியோடு குன்னூர்ப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டத்து லயன் வீடு. பாட்டி அடிக்கடி சொல்வாள், அந்த மூன்று மாதமும் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்று: காகிதம். பாஸ்போர்ட்டு எங்கே, கார்டு எங்கே, குடும்ப அட்டை எங்கே. லயனுக்கு வந்த இரண்டாம் நாள் பக்கத்து ஹட்டியிலிருந்து ஓர் அம்மா, தலையில் வெள்ளைத் துணி கட்டியவர், ராகிக் களியும் அவரைக் குழம்பும் கொண்டுவந்தாராம். பாட்டி பதிலுக்குப் பிளேன்டீ ஊற்றி, உள்ளங்கையில் கொஞ்சம் சீனியும் வைத்துக் கொடுத்தாள். சீனியை நக்கிக்கொண்டே டீ குடிக்கும் வழக்கம் அந்த அம்மாவுக்குப் புதிது. சிரித்துவிட்டு, "உங்க ஊரு எப்படி இருக்கும்?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியைப் பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். களியின் ருசியைப் பற்றி ஒரு நாளும் சொன்னதில்லை.

உங்கள் மாலைக்கு வருகிறேன். மண்டபம் வேண்டாம், நான்கு வீடு பிடியுங்கள். ஒரு வீட்டுக்கு மூன்று விருந்தாளி, நம்மவர் ஐந்தாறு பேர். பெரிய வகுப்புப் பிள்ளைகள் மொழிபெயர்க்கட்டும், தடுமாறினாலும் பரவாயில்லை. சமைத்த பெண்கள் அடுப்படியிலேயே நின்றுவிடக் கூடாது, அவர்களும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் இலை போட வேண்டும். யாருக்கு என்ன ஆகாது என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள். தோடரோ கோத்தரோ வருவதாக இருந்தால் ஆட்டக்காரராகக் கூப்பிடாமல் விருந்தாளியாகக் கூப்பிடுங்கள். சாப்பிட்ட பிறகு ஆடத் தோன்றினால் எல்லோரும் சேர்ந்து ஆடட்டும். ஒவ்வொரு வீட்டிலும் நாம் கேட்க விரும்புவதை யோசித்து வையுங்கள். ஆசிரியர்கள் வருகிறார்கள் அல்லவா, உங்கள் ஊரில் ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், தாய்மொழியில் பாடம் உண்டா, எந்த வயதில் பிள்ளைகள் படிப்பை விடுகிறார்கள் என்று நீங்கள் கேட்டால் பேச்சு தானே ஓடும்.

இரவு யாராவது வீட்டிலேயே தங்குவதென்றால், ஹோட்டலைப் போலவே வீட்டுக்காரரும் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் அவர்கள் விவரத்தைப் பதிவு செய்ய வேண்டும். இதை மறந்துவிட்டுப் பிறகு அலையாதீர்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வாங்கிவிடாதீர்கள், குடத்துத் தண்ணீரைக் காய்ச்சி ஆற வைத்தால் போதும். ஜனவரிக் கடைசி என்பதால் உறைபனி இருக்கும், நாலு மணிக்கே ஆரம்பித்துவிடுங்கள். ஆறரைக்கு மேல் தேயிலைத் தோட்டத்து வழியில் காட்டெருமை நிற்கும், டார்ச்சோடு இரண்டு பேர் கூடப் போகட்டும்.

தேதி உறுதியானதும் எழுதுங்கள். ஒரு வீட்டுக்கு வர்க்கி நான் வாங்கி வருகிறேன். அந்தப் பெரியவர் இருக்கும் வீட்டில் எனக்கு ஓர் இடம் வையுங்கள்.

அன்புடன்,
அக்கா