ஈ.எஸ்.ஐ. ஊனத் தொகை கூடுதலாக வந்துவிட்டதோ?

கேள்வி: வணக்கமுங்க வக்கீல் சார். கோவை கணபதியில மோட்டார் ஸ்டாம்பிங் போடற பட்டறையில பவர் பிரஸ் ஆப்பரேட்டரா இருந்தனுங்க. 2024 ஆகஸ்ட்ல வலது கை ஆள்காட்டி விரலும் நடு விரலும் பிரஸ்ல போயிருச்சு. மோதிர விரல் இருக்குது, ஆனா மடங்கறதில்லைங்க. நவம்பர் கடைசி வரைக்கும் ஈ.எஸ்.ஐ. பணம் குடுத்தாங்க. டிசம்பர்ல இருந்து அதே பட்டறையில பேக்கிங் பாக்கறேன், சம்பளம் குறைக்கல. மெடிக்கல் போர்டுல 30 சதவீதம் போட்டு, தினம் 162 ரூபாய்னு லெட்டர் வந்துச்சு. 2025 அக்டோபர்ல முதல்ல 49,248 ரூபாய், ரெண்டு வாரம் கழிச்சு 14,904 ரூபாய் பேங்க்ல ஏறிருச்சுங்க. எனக்கு நாள் சம்பளமே 500 தான். இதே மாதிரி ரெண்டு விரல் போன பக்கத்துப் பட்டறைக்காரருக்கு 20 சதவீதம்தானுங்க. சம்பளமும் வாங்கிட்டு இதையும் வாங்குனா கேஸ் ஆகும்னு மச்சான் சொல்றார். பத்தாயிரம் குடுத்தா சரி பண்ணித் தர்றேன்னு ஒருத்தர் வேற வந்து போறாருங்க. பொண்ணுக்குக் காலேஜ் பீஸ் கட்டோணும். பணத்தைத் தொடலாமுங்களா?

பதில்: நீங்கள் அனுப்பிய கடிதத்தையும் பாஸ்புக் நகலையும் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 49,248 உங்கள் பணம். 14,904 உங்கள் பணம் இல்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதுதான் உங்கள் பயத்துக்குக் காரணம்.

முதலில் சதவீதம். ஈ.எஸ்.ஐ. சட்டம், 1948-இன் இரண்டாம் அட்டவணையில் ஒரு கையில் இரண்டு விரல் போனால் 20 சதவீதம், மூன்று விரல் போனால் 30. பக்கத்துப் பட்டறைக்காரருக்கு 20 வந்தது அதனால்தான். ஆனால் அட்டவணையின் அடியில் ஒரு குறிப்பு இருக்கிறது, அதைப் பலரும் படிப்பதில்லை: ஓர் உறுப்பு உடம்பில் இருந்தும் அதன் பயன்பாடு முழுமையாக, நிரந்தரமாகப் போய்விட்டால், அந்த உறுப்பே போனதாகக் கொள்ள வேண்டும். மடங்காத உங்கள் மோதிர விரலை போர்டு மூன்றாவது விரலாக எண்ணியிருக்கிறது. 30 வந்த வழி அதுதான் என்று தெரிகிறது.

இங்கே ஒன்று கேட்டே ஆக வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த விரல் நிஜமாகவே மடங்கவில்லையா, அல்லது போர்டு டாக்டர் முன்னால் மட்டும் மடங்கவில்லையா? முக்கியமான விஷயத்தை மறைத்தோ தவறாகச் சொல்லியோ வாங்கிய தீர்மானத்தை, புதிய ஆதாரம் கிடைத்தால் 55-ஆம் பிரிவின்படி மறுபடி எடுத்துப் பார்க்கலாம். தெரிந்தே பொய் சொன்னதென்றால் 84-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. உள்ளதை உள்ளபடி காட்டியிருந்தால் இந்த இரண்டு பிரிவையும் நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். போர்டு தீர்மானம் பிடிக்காவிட்டால் மேல்முறையீட்டுக்குப் போகும் உரிமை உங்களுக்கு இருப்பது போலவே ஈ.எஸ்.ஐ. கார்ப்பரேஷனுக்கும் இருக்கிறது. அவர்கள் போய் ஜெயிக்காத வரை அந்த 30 சட்டப்படியான 30. ‘எனக்குச் சதவீதம் அதிகம்’ என்று நீங்களே எழுதிக் கொடுக்க வேண்டிய கடமை எதுவும் இல்லை. தீர்மானத்தில் ‘இறுதி’ என்று இருக்கிறதா, ‘தற்காலிகம்’ என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தற்காலிகம் என்றால் மறுபடி போர்டுக்குக் கூப்பிடுவார்கள், சதவீதம் மாறலாம்.

அடுத்து, 500 ரூபாய் சம்பளக்காரருக்கு 162 எப்படி வந்தது? விபத்து நடந்த மாதச் சம்பளத்தை வைத்து இதைக் கணக்கிடுவதில்லை. ஆகஸ்ட் விபத்துக்கு, அதற்கு முந்தைய அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டிய சந்தாக் காலம்தான் கணக்கு. கோடைக்கு முன்னால் பம்புசெட் ஆர்டர் குவிகிற மாதங்கள் அவை. உங்கள் சம்பள ரசீதுகளைப் பார்த்தால் ஓ.டி. நிறைய இருக்கிறது. ஓ.டி. பணமும் இந்தக் கணக்கில் சேரும். சராசரி நாள் சம்பளம் 600 வருகிறது. அதில் 90 சதவீதம் 540, அதில் 30 சதவீதம் 162. பைசா பிசகவில்லை.

வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு நவம்பர் கடைசி வரை கொடுத்தார்களே, அந்தத் தற்காலிக ஊனப் பணம் நின்ற மறுநாளிலிருந்து, அதாவது 2024 டிசம்பர் 1 முதல் 2025 செப்டம்பர் 30 வரை 304 நாள். 162 வீதம் 49,248. போர்டு கூடித் தீர்மானித்துப் பணம் வருவதற்குள் பத்து மாதம் ஓடிவிட்டதால் நிலுவை மொத்தமாக விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

14,904 வேறு கதை. 162-ஆல் வகுத்தால் 92 நாள். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பருக்குச் சரியாக 92 நாள்தான். அந்த மூன்று மாதம் முதல் தொகைக்குள்ளேயே இருக்கிறது. ஒரே காலத்துக்கு இரண்டு தடவை போட்டுவிட்டார்கள். தவறு அலுவலகத்துடையது என்றாலும், உரிமையில்லாமல் பெற்ற பலனைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது 70-ஆம் பிரிவு. ஏமாற்றி வாங்கினீர்களா என்ற கேள்வியே அதில் இல்லை. கூடுதலாகக் கொடுத்ததைச் சில சூழ்நிலைகளில் திரும்பப் பிடிக்கக்கூடாது என்று 2014-இல் ரஃபீக் மசீ வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னதை யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அது அரசு ஊழியர் சம்பளம் பற்றியது. அதை நம்பி இந்தப் பணத்தைச் செலவழிக்காதீர்கள்.

மச்சான் சொன்னதற்கு வருகிறேன். வேலைக்குப் போகும் நாளில் தற்காலிக ஊனப் பணம் கிடையாது, அதை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார். நிரந்தர ஊனத் தொகைக்கு அந்தத் தடை இல்லை. இழந்த சம்பாதிக்கும் திறனுக்காக ஆயுசுக்கும் கொடுப்பது அது. முதலாளி நல்ல மனசோடு சம்பளத்தைக் குறைக்காமல் விட்டாலும் போன விரல் போனதுதானே.

ஈ.எஸ்.ஐ. சட்டத்துக்குப் பதிலாக வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. உங்கள் விபத்தும் பணமும் அதற்கு முந்தியவை என்பதால் பழைய சட்டத்தை வைத்தே சொல்கிறேன்.

ஈ.எஸ்.ஐ. கிளை மேலாளருக்கு ஒரு வெள்ளைத் தாளில் இன்சூரன்ஸ் நம்பரோடு இப்படி எழுதுங்கள்: ‘2025 ஜூலை 1 முதல் செப்டம்பர் 30 வரைக்கான ரூ.14,904 எனக்கு இரண்டு முறை வரவு வைக்கப்பட்டதாகத் தெரிகிறது. சரிபார்த்து, கூடுதல் தொகையை எனக்கு வரவேண்டிய மாதத் தொகையில் ஈடுகட்டிக்கொள்ளவோ, திருப்பிச் செலுத்தும் வழியைத் தெரிவிக்கவோ வேண்டுகிறேன்.’ சதவீதத்தைப் பற்றியோ சம்பளத்தைப் பற்றியோ ஒரு வரியும் வேண்டாம். பாஸ்புக் பக்கத்தின் நகலை இணையுங்கள். உங்கள் பிரதியில் தேதியோடு சீல் வாங்காமல் படியிறங்காதீர்கள். யார் கேட்டாலும் கையில் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. பத்தாயிரம் கேட்கிறவரிடம், சரி பண்ண இதில் ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

பதில் வரும் வரை 14,904 பேங்கிலேயே கிடக்கட்டும். மற்றதில் பொண்ணுக்குப் பீஸ் கட்டுங்கள்.