சாதாரண டவுன் பஸ்ஸின் தளத்தை இறக்கிக் கட்டினால் தாழ்தளப் பேருந்து ஆகிவிடாதா? அதில் என்ன கஷ்டம்?

ஆகாது. கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் சில வருடம் வேலை பார்த்திருக்கிறேன். "படியைக் கொஞ்சம் குறைச்சுக் கட்டுங்க" என்று பஸ் முதலாளிகளே கேட்பார்கள். பேருந்தின் உயரத்தை முடிவு செய்வது சேசிஸ்தான், அதாவது இன்ஜினும் சக்கரங்களும் பொருத்திய அடிச்சட்டம். பாடி கட்டுகிறவர் அதில் செய்யக்கூடியது ரொம்பக் குறைவு.

எங்களிடம் வந்த சேசிஸ் எல்லாம் லாரி வம்சம். முன்னால் இன்ஜின், அங்கிருந்து பின் ஆக்சில் (இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் அச்சு) வரை ஓடி அதைச் சுழற்றும் ஷாஃப்ட், இரண்டு பக்கமும் நீளமான இரும்புச் சட்டம், அடியில் குலுக்கலைத் தாங்கும் கமான் பட்டை. இத்தனைக்கும் மேலேதான் தளம் போட முடியும்.

இப்போது ஒரு கணக்கு. 12 மீட்டர் பேருந்தின் டயர் விட்டம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பாரம் ஏறியபின் சக்கரத்தின் மையம் தரையிலிருந்து சுமார் 45 சென்டிமீட்டரில் இருக்கும். தாழ்தளப் பேருந்தின் தளமோ 40 சென்டிமீட்டர். சக்கர மையத்துக்கும் கீழே பயணி நடக்க வேண்டும்! நேரான ஆக்சில் போட்டால் பஸ்ஸுக்குள் நடக்கும் வழியில் குறுக்கே நிற்கும். முன்பக்கம் நடுவில் கீழே வளைந்த ஆக்சில் போட்டுச் சமாளிக்கலாம். இன்ஜின் சுழற்றுவது பின் ஆக்சிலை என்பதால் பின்பக்கம்தான் தலைவலி. அதற்கென்றே போர்ட்டல் ஆக்சில் என்று ஒன்று உண்டு: இரண்டு முனையிலும் கூடுதல் பல்சக்கரம் வைத்து, நடுப்பகுதியைக் கீழே இறக்கி, இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலை ஓரமாகத் தள்ளியிருப்பார்கள். விலை அதிகம். அதனால்தான் பல கம்பெனிகள் நடுக்கதவு வரை மட்டும் தளத்தைத் தாழ்த்தி, அதற்குப் பின்னால் உள்ளேயே படி வைத்துவிடுகின்றன.

தாழ்தளப் பேருந்தில் இன்ஜினும் பின்னால் போய்விடும். கமான் பட்டைக்குப் பதில் காற்றுப்பை. நிறுத்தத்தில் கதவுப் பக்கக் காற்றை இறக்கினால் வண்டி இன்னும் சில சென்டிமீட்டர் சாயும். சக்கரங்களை மூடும் பெட்டிகள் உள்ளே துருத்திக்கொண்டு நிற்பதால் சீட் குறையும். "இவ்வளவு பெரிய வண்டியில் உட்கார இடமில்லையே" என்று அலுத்துக்கொள்வதற்குக் காரணம் அதுதான். மின்சாரப் பேருந்தென்றால் பேட்டரியில் ஒரு பங்காவது பெரும்பாலும் கூரைக்குப் போகும். கீழே இடம் ஏது? அதைத் தாங்க பாடியின் கூடு பலமாக இருக்க வேண்டும். சேசிஸை ஓரிடத்தில் வாங்கி, பாடியை வேறிடத்தில் கட்டும் எங்கள் பழைய முறைக்கு இது சரிப்படாது. இரண்டையும் ஒன்றாகவே வடிவமைக்க வேண்டும்.

சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்காக நடந்த வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2024 ஆகஸ்டில் அசோக் லேலண்டின் தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. நல்ல விஷயம். ஆனால் வண்டி மட்டும் தாழ்ந்தால் போதாது. ஓட்டுநர் நடைமேடையை ஒட்டி நிறுத்த வேண்டும். அங்கே ஒரு ஆட்டோ நின்றால், சக்கர நாற்காலி ஏறுவதற்காகக் கதவில் வைத்திருக்கும் சாய்வுப்பலகை நேராக ரோட்டில் இறங்கும், சரிவு செங்குத்தாகிவிடும், சக்கர நாற்காலியைப் பின்னாலிருந்து ஒருவர் தள்ளித்தான் ஏற்ற வேண்டியிருக்கும்.