பழைய பிளாட்டை இடித்துக் கட்டப் போகிறார்களாம்: கேள்வி பதில்

மலேசியாவில், எங்கள் பந்திங் பக்கம் இந்தப் பேச்சுதான் இப்போது. நகரத் திட்டப் பிரிவில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் புளோக் கமிட்டியிலும் இருக்கிறேன். வந்த கேள்விகளில் சில:

ஐயா, 80 விழுக்காட்டினர் கையெழுத்துப் போட்டால் மற்றவர்கள் வெளியேற வேண்டியதுதானா?

அந்த 80, 2025-இல் நாடாளுமன்றத்துக்கு வந்த நகர்ப்புறப் புதுப்பிப்பு மசோதாவில் இருந்த எண்; மசோதா என்பது சட்டம் அல்ல. முதலில் தாக்கலானபோது 30 ஆண்டுக்குட்பட்ட கட்டடத்துக்கு 80, அதற்கு மேற்பட்டதற்கு 75, கைவிடப்பட்டதற்கு 51 என்றிருந்தது. அடுக்குமாடி வீட்டு உரிமைக்கான 1985 ஸ்ட்ராத்தா உரிமைச் சட்டம் கேட்பதோ எல்லா உரிமையாளரின் சம்மதம்; அதைத் தளர்த்தத்தான் மசோதாவே.

கையெழுத்து கேட்டு வந்தால் மூன்றை எழுத்தில் வாங்குங்கள்: புது வீடு எத்தனை சதுர அடி, கட்டி முடிக்கும்வரை வாடகை யார் கணக்கு, புதுப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு. மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. லிஃப்ட் இல்லாத நாலு மாடியிலிருந்து இருபது மாடிக்குப் போனால் மாதாமாதம் கடிக்கப் போவது அதுதான்.

அண்ணே, நான் பிபிஆரில் (அரசாங்க மலிவு விலை பிளாட்) 124 வெள்ளி வாடகை கட்டுறேன். என் சம்மதம் வேண்டாமா?

வேண்டாம் தங்கச்சி, அந்த விழுக்காடெல்லாம் உரிமையாளர் கணக்கு. அதே வாடகைக்குத் திரும்பி வர முடியுமா என்று இப்போதே கடிதம் எழுதிக் கேளுங்கள்.

கூட்டத்துக்குக் கூப்பிட்டு, படம் காட்டி, மீ கோரேங் கொடுத்து அனுப்பிட்டாங்க. இதுதான் கலந்தாலோசனையா?

படம் முடிந்த பிறகு கூப்பிட்டால் அது விளக்கக் கூட்டம். (மீ கோரேங் நன்றாக இருந்திருக்கும்.) எங்கள் புளோக்கில் நாங்களே ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு மாஜோங் தாளை (பெரிய வெள்ளைத் தாள்) ஒட்டித் தரையில் விரித்து, ஆளுக்கொரு மார்க்கர் கொடுத்தோம். ஆண்கள் எல்லாரும் கார் நிறுத்துமிடமே வரைந்தார்கள். ஒரு பாட்டி மட்டும் மாடிப்படிக்கு அடியில் சின்னதாக ஒரு வட்டம் போட்டார். காலை ஐந்தரைக்கு ஃபேக்டரி பஸ்ஸுக்குப் பெண்கள் நிற்கும் இடம். மழை படாத ஒரே இடம். பிறகு வந்த வரைபடத்தில் அங்கே குப்பை அறை! தாளைக் காட்டித்தான் நகர்த்த வைத்தோம்.

தோட்ட லயத்தில் இருக்கிறோம். பிளாட் தருவதாகச் சொல்கிறார்கள்.

புத்ராஜெயாவுக்காக நான்கு தோட்டங்களிலிருந்து வெளியேறியவர்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா பிளாட்டுக்குப் போய், சுவர் வெடித்து, தரைவீடு கேட்டுப் பல ஆண்டு அலைந்தது நினைவிருக்கும். வாய்ச்சொல்லை நம்பி லயத்தைக் காலி செய்யாதீர்கள்.

ஆட்சேபம் எழுதினால் படிப்பார்களா?

1976 நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, உள்ளூர்த் திட்ட வரைவைப் பார்வைக்கு வைத்ததிலிருந்து ஆட்சேபிக்கக் குறைந்தது 4 வாரம் உண்டு. வீட்டுக்கு ஒரு கடிதமாகக் கொடுங்கள். 'நேரில் பேச விரும்புகிறேன்' என்ற வரியை விட்டுவிடாதீர்கள். அதைக் கேட்டவர்களைத்தான் விசாரணைக்கு அழைப்பார்கள். உங்கள் நகலில் அலுவலக முத்திரை குத்தி வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள்.