சிப்பமும் சிப்பாயின் பையும்

கேள்வி: என் கணவர் இருபது ஆண்டுகளாக எங்கள் ஊர் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறார். ராணுவத்தில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத மகன், முப்பது கிலோ பையுடன் நடந்து பழகியதில் பாத எலும்பில் விரிசல் கண்டு விடுப்பில் வந்திருக்கிறான். "நாற்பது கிலோ சிப்பத்தைத் தினமும் தூக்குகிறேன், எனக்கு என்ன ஆயிற்று?" என்று இவர் அவனைக் கேலி செய்கிறார். மகனுக்கு உடம்பில் வலு இல்லையா?
(வாசகி, திருத்துறைப்பூண்டி)

பதில்: உங்கள் கணவர் எடையை மட்டும் கணக்கிடுகிறார், எலும்பு வைத்திருக்கும் கணக்கு வேறு. சிப்பத்தை முதுகில் வாங்கி லாரிவரை போவது சில விநாடி வேலை. இறக்கிவிட்டு வெறுங்கையுடன் திரும்புகையில் உடம்பு சற்று ஆறிக்கொள்கிறது. சிப்பாய்க்கு அந்தத் திரும்பும் நடை கிடையாது. நிமிடத்துக்கு நூறு அடி என்று வைத்துக்கொண்டாலும், ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு பாதமும் 3,000 முறை அந்தச் சுமையோடு தரையில் பதிகிறது. ஓயாத அந்த அழுத்தத்தால் எலும்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுகின்றன. உடம்பு அவற்றை அடைத்துக்கொண்டே வந்தாலும், அடைபடுவதைவிட விழுவது விரைவாகும்போது விரிசல் காண்கிறது. உங்கள் கணவரின் எலும்பு இருபது ஆண்டுகளில் மெல்லமெல்ல இறுகியது. மகனுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை.

நெடுநடைக்குப் பின் சிப்பாய்களின் பாதம் வீங்குவதை 1855-இல் பிரஷ்யப் படை மருத்துவர் பிரைட்ஹவுப்ட் பதிவு செய்தார். எலும்பு முறிவே அதற்குக் காரணம் என்பது, 1895-இல் எக்ஸ்ரே கண்டறியப்பட்ட பிறகுதான் விளங்கியது. அதுவரை எத்தனை பேர் வீங்கிய காலோடு சோம்பேறிப் பட்டம் வாங்கினார்களோ!

பாதம் மட்டுமன்று. பையின் வார்கள் தோளை அழுத்துவதால் நரம்பு நசுங்கிக் கை மரத்துப்போவதும், தோள்பட்டை எலும்பு புடைத்து நிற்பதும் உண்டு. இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டினால் சுமையின் பெரும்பகுதி இடுப்புக்கு இறங்கித் தோள் தப்பிக்கும். காலணியின் கனத்தையும் மறக்கக் கூடாது. காலில் ஏறும் ஒரு கிலோ, முதுகில் ஏறும் நான்கைந்து கிலோவுக்கு ஒப்பான களைப்பைத் தரும். நடவு வயலில் சேறு அப்பிய காலோடு வரப்பேறியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் ஊர்ச் சும்மாட்டில் சுமை முதுகெலும்புக்கு நேராக இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் குனிந்து பதுங்கித் துப்பாக்கி பிடிக்க வேண்டியவன் தலையில் சுமக்க முடியாது. 2003-இல் ஆப்கானிஸ்தானில் இருந்த அமெரிக்கக் காலாட்படையினரின் சுமைகளை நிறுத்துப் பார்த்தபோது, நடைச்சுமை, அதாவது நெடுநடையில் ஆயுதம், பை எல்லாம் சேர்த்து ஒருவர் சுமக்கும் எடை, சராசரியாக 46 கிலோ இருந்தது. அவர்களுடைய படை வகுத்திருந்த அளவோ சுமார் 33 கிலோ.

மகன் மருத்துவர் சொல்லும்வரை, பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரங்கள், ஓட்டத்தையும் சுமையையும் விட்டுவிடட்டும். முதல் இரண்டு, மூன்று வாரங்களில் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமலே போகலாம் என்பதால், இனி படம் சரியாக இருந்தாலும் வலி தொடர்ந்தால் அதை மறைக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். கேலியை உங்கள் கணவரும் நிறுத்திக்கொள்ளட்டும். அவருடைய முழங்காலையும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

கேள்வி: ராணுவ ஆள்சேர்ப்புக்குத் தயாராகிறேன். பையில் மணல் நிரப்பிக்கொண்டு கொள்ளிடக் கரையில் ஓடலாமா?
(கல்லூரி மாணவர், கும்பகோணம்)

பதில்: சுமையோடு ஓடாதீர்கள். ஆசை இருந்தால் பத்துக் கிலோவுடன் வாரம் ஒருநாள் நடந்து, சில வாரங்களுக்கு ஒருமுறை சிறிது கூட்டுங்கள். ஆள்சேர்ப்பில் ஓட வேண்டிய 1.6 கிலோமீட்டருக்குப் பையே கிடையாது.