கணினி கேள்வி-பதில்: பாஸ்வேர்ட் சரிதான், மெயில்தான் போகவில்லை

கேள்வி: இரவு பேக்கப் முடிந்ததும் அந்த விவரத்தை என் ஜிமெயிலிலிருந்து தானாக அனுப்ப, விண்டோஸ் பவர்ஷெல்லில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். பிரவுசரில் நுழையும் அதே பாஸ்வேர்டைத்தான் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் ஏற்க மறுக்கிறது. வேறு எதை மாற்றுவது?

பதில்: பாஸ்வேர்டையேதான் மாற்ற வேண்டும். உங்கள் மேல் தவறில்லை. இப்படிப்பட்ட நிரல்கள் வழக்கமான பாஸ்வேர்டைக் கொண்டு நுழைவதைக் கூகுள் 2022 மே 30 முதல் நிறுத்தத் தொடங்கியது. அதற்கு முன் எழுதிய உதாரணங்கள்தான் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அவற்றை நம்பி எத்தனை பேர் நள்ளிரவு வரை போராடியிருப்பார்களோ என்று வருத்தமாக இருக்கிறது.

கூகுள் கணக்கில் முதலில் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனை இயக்குங்கள். அப்புறம் ‘ஆப் பாஸ்வேர்ட்’ பகுதியில் 16 எழுத்துள்ள தனிப் பாஸ்வேர்டை உருவாக்கிக்கொள்ளலாம். ஸ்கிரிப்டுக்கு அதைக் கொடுங்கள். சர்வர் எஸ்எம்டிபி.ஜிமெயில்.காம், போர்ட் (இணைப்புக்கான வாயில் எண்) 587, கூடவே பாதுகாப்பான இணைப்பைக் கேட்கும் யூஸ்எஸ்எஸ்எல். 465 வேண்டாம். அந்த போர்ட் முதல் நொடியிலேயே பாதுகாப்பான இணைப்பை எதிர்பார்க்கும். பவர்ஷெல்லில் மெயில் அனுப்பும் செண்ட்-மெயில்மெசேஜ் கட்டளையோ சாதாரணமாகப் பேசத் தொடங்கி, பிறகுதான் பாதுகாப்புக்கு மாறும். இரண்டும் ஒன்றுக்கொன்று காத்துக் கிடக்கும், மெயில் போகாது.

பாஸ்வேர்டை ஸ்கிரிப்டுக்குள் எழுதாதீர்கள். நான் எழுதியிருக்கிறேன். மாதிரிக்காக ஒரு நண்பர் கேட்டதும் ஃபைலை அப்படியே அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் நான்காவது வரி நினைவுக்கு வந்தது. ஆப் பாஸ்வேர்ட் என்பதால் அதை மட்டும் அன்றிரவே ரத்து செய்ய முடிந்தது. இப்போது பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்டு வாங்கும் கெட்-கிரெடென்ஷியலில் ஒருமுறை தட்டிக் கொடுத்து, எக்ஸ்போர்ட்-சிஎல்ஐஎக்ஸ்எம்எல் மூலம் தனி ஃபைலில் சேமித்துவிடுகிறேன். விண்டோஸ் அதைப் பூட்டி வைக்கும். அதே கணினியில், அதே பயனர் மட்டுமே திறக்க முடியும்.

இன்னொன்று. செண்ட்-மெயில்மெசேஜ் வழக்கொழிந்தது என்று மைக்ரோசாஃப்டே அறிவித்துவிட்டது. பாதுகாப்பான இணைப்புக்கு அது உத்தரவாதம் தராது என்பது காரணம். ‘பேக்கப் முடிந்தது’ என்ற ஒரு வரிக்கு நான் இன்னும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். அடுத்தவர் விவரங்கள் அடங்கிய மெயிலுக்கு ஒருபோதும் பயன்படுத்த மாட்டேன். அதற்கு மெயில்கிட் என்ற, மெயில் அனுப்புவதற்கான நிரல் தொகுப்பு இருக்கிறது.

கேள்வி: நானே ஸ்கிரிப்டை ஓட்டினால் மெயில் போகிறது. குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் போட்டால் போவதில்லை. ஆனால் முடிவு 0x0, அதாவது வெற்றி என்று காட்டுகிறது. எதை நம்புவது?

பதில்: அந்த 0x0-வை நம்பாதீர்கள். அதை நம்பி நான் பதினோரு இரவுகளை இழந்திருக்கிறேன். மெயில் வரவில்லை, ‘பிரச்சினை இருந்தால்தானே வரும்’ என்று இருந்துவிட்டேன். பன்னிரண்டாம் நாள் ஒரு பழைய ஃபைல் தேவைப்பட்டபோதுதான், மெயில் மட்டுமல்ல, பேக்கப்பும் நின்றுபோயிருந்தது தெரிந்தது.

பவர்ஷெல் பல பிழைகளைத் திரையில் சிவப்பாகக் காட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். கடைசி வரி வரை ஓடினால் ஷெட்யூலருக்கு அது வெற்றிதான். மெயில் அனுப்பும் வரியில் எரர்ஆக்‌ஷன் ஸ்டாப் சேருங்கள், பிழை வந்தால் ஸ்கிரிப்ட் 1 என்ற எண்ணோடு நிற்கும். தொடக்கத்தில் ஸ்டார்ட்-டிரான்ஸ்கிரிப்ட் போட்டால், ஆள் இல்லாத நேரத்தில் திரையில் வந்திருக்க வேண்டியதெல்லாம் ஒரு ஃபைலில் பதிவாகும். அதைத் திறந்ததும் பாதி மர்மம் விலகிவிடும்.

உங்கள் விஷயத்தில் எனக்கு முதல் சந்தேகம், டாஸ்க் எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறது என்பதில். ‘சிஸ்டம்’ என்று இருந்தால், நீங்கள் பூட்டி வைத்த பாஸ்வேர்ட் ஃபைலை அதனால் திறக்க முடியாது. உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அப்புறம், இசட் டிரைவ் என்று நீங்கள் இணைத்து வைத்திருக்கும் நெட்வொர்க் ஃபோல்டர் அங்கே பெரும்பாலும் தெரியாது. முழு நெட்வொர்க் முகவரியை எழுதுங்கள். உள்ளூர் ஃபைல்களுக்கும் முழுப் பாதையே நல்லது.

பேக்கப் நன்றாக நடந்த இரவிலும் மெயில் வரும்படி வையுங்கள். தினமும் ஒரு மெயிலா என்று சலிப்பு வரும், உண்மைதான். ஆனால் பழகிய மெயில் ஒரு காலையில் இல்லையென்றால் கண்ணில் படும்.

கேள்வி: தமிழில் எழுதிய தலைப்பு வெறும் கேள்விக்குறிகளாகப் போய்ச் சேர்கிறது. ஏன்?

பதில்: கட்டளையில் என்கோடிங் (எழுத்துகளைக் குறியிடும் முறை) யூடிஎஃப்8 என்று குறிப்பிடவில்லை. அதைச் சேர்த்த பிறகும் விசித்திர எழுத்துகள் வந்தால், ஸ்கிரிப்ட் ஃபைலை நோட்பேடில் திறந்து ‘யூடிஎஃப்-8 வித் பிஓஎம்’ என்று சேமியுங்கள். பிஓஎம் என்பது எழுத்துமுறையைச் சொல்ல ஃபைலின் தொடக்கத்தில் வைக்கும் அடையாளம். விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1, அந்த அடையாளம் இல்லாத ஃபைலைப் பழைய முறையில் படித்துத் தமிழைச் சிதைத்துவிடும்.